கொல்லருக்குரிய கூலி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், விசேஷமாக டெக்ஸாஸ் மாகாணத்தில், இறைச்சியை விறகுப் புகையில் மணிக்கணக்காக வைத்துப் பக்குவப்படுத்தும் பார்பிக்யூ என்னும் கலையில் ஈடுபாடு கொண்டவர்கள் கூடுகிற இடங்களிலெல்லாம் ஓர் அபிப்பிராயம் ஏறக்குறையச் சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. ஸ்மோக்கர் என்று சொல்லப்படும் புகையடுப்பைத் தேர்ந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்குவது பண விரயம் என்றும், அது ஓர் இரும்புக் குழாயும் அதன் ஓரத்தில் ஒட்டிய ஒரு பெட்டியும் மறுகோடியில் ஒரு புகைபோக்கியுமே அன்றி வேறில்லை என்றும், வெல்டிங் மெஷினும் சில விடுமுறை நாட்களும் கிடைத்தால் எவரும் அதைத் தம் வீட்டுப் புறக்கடையிலேயே செய்துகொள்ளலாம் என்றும், அப்படிச் செய்துகொண்டவரே அக்கலையின் மெய்யான உபாசகர் என்றும், விலை கொடுத்து வாங்கியவர் ஆடம்பரப் பிரியர் என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். ஹியூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவரில் இக்கலையில் மனம் வைத்தவர்களும் இதையே ஒரு பாடம்போல ஒப்புவிக்கக் கேட்கிறேன். இந்தக் கொள்கை நெருப்பின் ஸ்வபாவத்தை அறியாதது, கணக்குத் தெரியாதது, உழைத்துப் பிழைக்கும் ஒரு தொழிலாளியின் அறிவை அறிவென்றே ஒப்புக்கொள்ள மறுப்பது. அதனாலேயே இதை மறுத்து எழுதத் துணிகிறேன்.

விவாதத்துக்குரிய பொருள் இன்னதென்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாட்டிறைச்சியில் பிரிஸ்கெட் என்று பெயர் பெற்ற நெஞ்சுப் பகுதியே டெக்ஸாஸ் பார்பிக்யூவின் உரைகல். மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. ஆகவே அதன் உடற்பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கி நிற்கும் வேலை அந்த நெஞ்சுத் தசைக்கே உரியதாகிறது. இவ்வளவு உழைத்த தசை முழுவதும் கொல்லஜன் என்னும் இணைப்புத் திசு பின்னிக் கிடக்கிறது. சாதாரண நெருப்பில் வாட்டினால் அது தோலைப்போல் ஆகிவிடும். சுமார் 107 பாகை முதல் 135 பாகை செல்சியஸ் வரையுள்ள காற்றில், பத்து மணி முதல் பதினான்கு மணி நேரம் வரை நிதானமாக வைத்து, உட்சூடு ஏறக்குறைய 95 பாகையைத் தொடும்படி செய்தால்தான் அந்தத் திசு உருகி இளகி, கத்தி வைத்த இடத்தில் தானாகவே பிரிகிற பதத்துக்கு வருகிறது. நடுவே ஓர் இடர் உண்டு. உட்சூடு 65 பாகையைத் தாண்டிய சிறிது பொழுதில் ஏற்றம் நின்றுபோய், மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதனால், மணிக்கணக்காக அங்கேயே அசையாமல் நிற்கும். புதிதாகச் சமைப்பவர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து விறகை அள்ளிப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார். இவ்வளவு நீண்ட வேளைக்கு ஒரே நிதானமான உஷ்ணத்தையும் சுத்தமான புகையையும் விறகைக் கொண்டே உண்டாக்கித் தர வேண்டிய உபகரணம் எதுவோ, அதைப் பற்றியதே இந்த வழக்கு.

டெக்ஸாஸ்காரர்கள் இதற்கு உபயோகிக்கும் புகையடுப்பில் நெருப்பு ஒரு பக்கத்தில் தனியறையில் எரியும். இறைச்சி மற்றோர் அறையில் இருக்கும். நெருப்பறையிலிருந்து வெப்பக் காற்றும் புகையும் ஒரு வாய் வழியாக இறைச்சியறைக்குள் புகுந்து, இறைச்சியின்மேல் தவழ்ந்து சென்று, மறுகோடியில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறும். இந்த ஓட்டத்தை உண்டாக்குவதற்கு விசிறியோ யந்திரமோ கிடையாது. சூடான காற்று இலேசாகி மேலெழுவதும், அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் புதுக்காற்று நெருப்பறையின் கதவு வழியே உள்ளே இழுக்கப்படுவதுமே முழு ரகசியம். இந்த இழுப்பு சரியாக இருந்தால் விறகுக்குப் பிராணவாயு போதிய அளவு கிடைத்து, அது சுடர்விட்டு எரியும்; புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான இளநீலப் புகை மட்டும் வரும். இழுப்புக் குறைந்தால் விறகு எரியாமல் கனன்று புழுங்கும். கெட்டியான வெண்புகை கிளம்பும். அதிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் இறைச்சியின்மேல் படிந்து, உண்பவர் நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஒரு கசப்பைத் தரும். புகையடுப்பின் பெருமை சிறுமை எல்லாம் இந்த இழுப்பில் அடங்கியிருக்கிறது. இழுப்போ ஏதோ ஓர் உறுப்பில் இருப்பதன்று. நெருப்பறையின் கொள்ளளவு, இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள வாயின் பரப்பு, இறைச்சியறையின் நீளம், புகைபோக்கியின் விட்டம், அதன் உயரம், அது பொருந்தியிருக்கும் இடம் ஆகிய இத்தனையும் தம்முள் கொண்டிருக்கும் விகிதத்தில் இருக்கிறது.

நெருப்பறையின் கொள்ளளவு இறைச்சியறையினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் பலருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட மாத்திரத்தில் வித்தை கைவந்துவிட்டதாக வீட்டுக் கைவினைஞர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்த அடுப்புகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் குற்றங்கள் இந்தச் சூத்திரத்தை மீறியதால் மட்டும் வருவன அல்ல. வாய் குறுகலாக இருந்தால் சூடு நெருப்பறையிலேயே தேங்கும். அகலமாக இருந்தால் அதற்கு அருகிலிருக்கும் இறைச்சி கருக, கோடியிலிருப்பது வேகாமல் கிடக்கும். புகைபோக்கியை அழகுக்காக இறைச்சியறையின் உச்சியில் வைத்துவிட்டால், வெப்பம் கூரையை ஒட்டியே ஓடி மறைய, கம்பிச் சட்டத்தின்மேல் இருக்கும் இறைச்சிக்கு அதன் பயன் குறையும். விட்டம் போதாத புகைபோக்கியை வைத்தவர் நெருப்பைத் திறந்துவிட்டால் புகை கதவிடுக்கு வழியாக முகத்தில் அடிக்கிறது என்று காற்றுவழியை அடைப்பார். அடைத்தவுடன் விறகு புழுங்கத் தொடங்கும். உஷ்ணமானி சரியான பாகையைக் காட்டிக்கொண்டே இருக்கும். இறைச்சியோ ஒவ்வொரு நிமிஷமும் கசந்துகொண்டிருக்கும். தம் அடுப்பின் பிழையைத் தம் கைப்பிழை என்று எண்ணி, விறகை மாற்றியும் மசாலையை மாற்றியும் வருஷக்கணக்காக வீணில் பாடுபடுகிறவர்களை நினைத்து நான் வருந்துகிறேன்.

கதவு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டிச் செய்த குழாயிலும் தொட்டியிலும், உருட்டப்பட்டபோது ஏற்பட்ட இறுக்கம் இரும்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. கதவுக்காக ஒரு துண்டை வெட்டிய கணத்தில் அந்த இறுக்கம் விடுபட்டு, வெட்டிய துண்டு தன் வளைவை மாற்றிக்கொள்ளும். எங்கிருந்து வெட்டப்பட்டதோ அந்த இடத்தில் அது மறுபடியும் பொருந்தாது. அநுபவமுள்ள பட்டறைக்காரர் இதை அறிந்திருப்பதால் நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. ஒரு பக்கத்தை வெட்டி, கீல்களை முதலில் பற்றவைத்து, வளைவு மாறாதபடி குறுக்கே பட்டைகளைப் பூட்டி, அதன் பிறகே மற்றப் பக்கங்களை வெட்டுகிறார். வெட்டிய இடைவெளியை மூடச் சுற்றிலும் ஒரு விளிம்புப் பட்டையைச் சேர்க்கிறார். பற்றவைக்கும்போதும் ஒரே இடத்தில் நீளமாகப் பற்றவைக்காமல், இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று விட்டுவிட்டுச் செய்து, சூட்டினால் தகடு நெளியாமல் காக்கிறார். இவையெல்லாம் படித்தால் ஒரு பத்தியில் அடங்கும் செய்திகள். ஆயினும் எந்தத் தகடு எவ்வளவு இழுக்கும், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியுமே தவிர ஏட்டுக்குத் தெரியாது. முதல் முறை வெட்டுகிறவர் தம் ஒரே தொட்டியின்மேல்தான் அந்தப் பாடத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. கற்று முடிகிற வேளையில் தொட்டி கெட்டுவிடுகிறது.

இனி, செலவு மிச்சம் என்ற வாதத்தைப் பார்ப்போம். இதைச் சொல்லுகிறவர்கள் பழைய தொட்டி ஒன்றின் விலையை எழுதி, பக்கத்தில் பட்டறைக்காரர் கேட்கும் ஆயிரக்கணக்கான டாலரை எழுதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தம் லாபம் என்கிறார்கள். கால் அங்குலத் தகடு, வெல்டிங் கம்பி, வெட்டும் வாயு, சாணைச் சக்கரங்கள், கீல்கள், கம்பிச் சட்டம், சக்கரங்கள், உஷ்ணம் தாங்கும் பெயின்ட் ஆகியவற்றின் விலையை அவர்கள் ஒவ்வொன்றாக வாங்கும்போது சில்லறையாகக் கொடுத்துவிடுவதால் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. வெல்டிங் மெஷினை அண்டைவீட்டாரிடம் இரவல் வாங்கினால் அதன் தேய்மானம் அண்டைவீட்டாருடைய நஷ்டமே ஒழிய, இல்லாத செலவு ஆகிவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் உழைப்புக்கு அவர்கள் இடும் விலை சூனியம். ஓர் அலுவலகத்தில் ஒரு மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசி வாங்குகிற மனிதர், சனி ஞாயிறுகளைக் குடும்பத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்ப் பல மாதம் இரும்போடு மல்லாடிவிட்டு, அந்த நேரத்துக்கு விலையே இல்லை என்பாரானால், அவர் கணக்கில் எந்தப் பொருளைத்தான் வாங்குவது லாபமாகும்? பொழுதுபோக்காகச் செய்தேன், அதில் எனக்கு ஆனந்தம் கிடைத்தது என்று சொல்லட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனந்தத்தை ஆனந்தமாகவே சொல்ல வேண்டும். அதைச் சிக்கனம் என்று பெயர் மாற்றி, பிறருக்கு உபதேசமும் செய்ய வரும்போதுதான் எதிர்வாதம் அவசியமாகிறது. முதலில் செய்த அடுப்பு சரியில்லாமல் இரண்டாவது ஒன்றைச் செய்தவர்கள் பலர். முதலாவதன் செலவை அவர்கள் இரண்டாவதன் கணக்கில் எழுதுவதில்லை.

எதிர்த்தரப்பார் சரித்திரத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1952-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவை போன்ற ஓர் இரும்பு உருண்டையைப் பாதியாக வெட்டி, கால் வைத்து, மூடி போட்டு, இன்று உலகெங்கும் விற்கும் வெபர் கெட்டில் அடுப்பை உண்டாக்கினாரே, அவர் தம் புறக்கடைக்காகத்தானே செய்துகொண்டார் என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர் வேலை பார்த்த இடம் எது? சிகாகோ அருகே, மிச்சிகன் ஏரிக்கு மிதவைகள் செய்து கொடுத்த வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்னும் உலோகப் பட்டறை. தகட்டை அரைக்கோளமாக்கும் யந்திரங்களுக்கு நடுவே நாள்தோறும் நின்றவர் அவர். அவர் செய்ததை வீட்டில் செய்தது என்று சொல்வது, தச்சர் தம் வீட்டுக்குச் செய்துகொண்ட கட்டிலைக் காட்டி, தச்சுவேலை எல்லாருக்கும் வரும் என்று சாதிப்பதற்கு ஒப்பாகும். டெக்ஸாஸின் இரும்புப் புகையடுப்பு பரவியதும் இவ்வாறே. எண்ணெய்க் கிணறுகளில் குழாய்களைப் பற்றவைக்கும் வெல்டர்கள், மிஞ்சிய குழாய்த் துண்டுகளைக் கொண்டு தமக்கும் நண்பர்களுக்கும் அடுப்புகள் செய்தார்கள். பகலெல்லாம் எண்ணெய்க் குழாய் கசியாதபடி பற்றவைத்த கை அது. மாலையில் வீட்டுக்கு வந்ததனால் அந்தக் கை கற்றுக்குட்டியின் கையாக மாறிவிடவில்லை.

இவர்கள் மிகுந்த நம்பிக்கையோடு காட்டும் சாட்சி ஆஸ்டின் நகரத்து ஏரன் ஃபிராங்க்ளின். 2009-இல் ஒரு டிரெய்லரில் கடை தொடங்கி, 2015-இல் சமையற்கலைக்குரிய ஜேம்ஸ் பியர்டு விருது பெற்ற அவர், பழைய புரொபேன் தொட்டிகளைக் கொண்டு தம் புகையடுப்புகளைத் தாமே செய்துகொண்டவர். அதே 2015-இல் வெளிவந்த தம் நூலில் அடுப்புச் செய்யும் முறையையும் எழுதியிருக்கிறார். எனினும் அவர் கதையை முழுவதும் படித்தவர்கள் அதிலிருந்து வேறு பாடம் பெறுவார்கள். ஒரு தொட்டியை வெட்டிப் பற்றவைத்ததோடு நின்றுவிட்டவர் அல்லர் அவர். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுப்புகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் நாள்தோறும் சமைத்து, அதன் குறையைக் கண்டு, அடுத்ததில் திருத்தி, கடைசியில் பிறருக்குச் செய்து விற்கும் தொழிலையும் மேற்கொண்டார். அப்படியானால் அவர் இன்று எந்தக் கட்சி? விலை வாங்கிக்கொண்டு அடுப்புச் செய்து தரும் பட்டறைக்காரர்களின் கட்சியில் அல்லவா அவர் இருக்கிறார்? பல அடுப்புகளின் பிழையைத் தம் தோளில் சுமந்து திருத்திய அநுபவத்தைத்தான் அவரிடம் வாங்குகிறவர் விலை கொடுத்துப் பெறுகிறார்.

வீட்டிலே செய்த எதுவுமே உதவாது என்பது என் கட்சி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கத் தென்னாட்டில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தரையில் நீண்ட பள்ளம் தோண்டி, கடின மரத்தைக் கனலாக எரித்துப் பரப்பி, குறுக்கே கழிகளை இட்டு, முழு விலங்கை இரவெல்லாம் வாட்டிய நாளில் அவர்களுக்கு எந்தப் பட்டறையும் துணைக்கு வரவில்லை. பெயர் எழுதப்படாமலே மறைந்துபோன அந்த மனிதர்களின் கையில்தான் இந்தக் கலை பிறந்து வளர்ந்தது. அவர்கள் வழியில், தென் கரோலினாவின் ஹெமிங்வே என்னும் சிற்றூரில், 1972-இல் தொடங்கிய குடும்பக் கடையில் வளர்ந்த ராட்னி ஸ்காட், இரும்புப் பீப்பாய்க்குள் விறகை எரித்து, அடியில் உதிரும் கனலை மண்வெட்டியால் அள்ளி, சதுரக் கற்சுவருக்குள் முழுப் பன்றியின் அடியில் தூவிச் சமைத்து, 2018-இல் ஜேம்ஸ் பியர்டு விருது பெற்றார். ஆர்க்கன்ஸா மாகாணத்து மரியானா ஊரின் ஜோன்ஸ் கடையும் இதே மரபினது. இந்த அடுப்புகளை வீட்டில் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஏனெனில் இங்கே இழுப்பு என்ற சங்கடமே இல்லை. விறகு வெளியே திறந்த பீப்பாயில் தன் புகையையெல்லாம் கக்கி முடித்துக் கனலான பிறகே இறைச்சியின் அடிக்கு வருகிறது. நேர் மேலே உள்ள இறைச்சிக்கு அதன் சூடு ஏறுகிறது. ஹாலோ பிளாக் கற்களை இடுப்பளவு அடுக்கத் தெரிந்தவர் எவருக்கும் இது கைகூடும். பிழை நேர்ந்தால் கல்லைப் பிரித்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம்.

டிரம் அடுப்பும் அப்படியே. 55 காலன், அதாவது சுமார் 208 லிட்டர் கொள்ளும் எஃகு டிரம் ஒன்றின் அடிப்புறத்தில் காற்றுக்குச் சில துளைகள் இட்டு, அடியில் கரிக்கூடையும், அதற்கு மேலே இரண்டடி உயரத்தில் கம்பிச் சட்டமும் வைத்து, துளைகளில் ஒன்றுக்கு வால்வு பூட்டினால் போதும். துளையிடும் கருவிக்கு மேல் எதுவும் தேவைப்படாது. உட்பூச்சு இல்லாத புது டிரம்மாகப் பார்த்து வாங்க வேண்டும் என்ற ஒரு ஜாக்கிரதை மட்டும் அவசியம். பணமில்லாதவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. என் மறுப்பெல்லாம், இந்த எளிய அடுப்புகள் எளிதாகக் கைகூடுவதைக் காட்டி, தனி நெருப்பறை வைத்த கனத்த இரும்பு அடுப்பும் அப்படியே கைகூடும் என்று சொல்லும் கூற்றின்மேல்தான். அடுக்கிய கல்லும் துளையிட்ட டிரம்மும் ஓர் இனம். கால் அங்குலத் தகட்டை உருட்டி, வெட்டி, பற்றவைத்து, பன்னிரண்டு மணி நேரம் காற்றைத் தானாக ஓடச் செய்யும் அமைப்பு வேறோர் இனம். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

தம் கையால் அடுப்பைச் செய்தவருக்கே நெருப்பு வசப்படும் என்று இன்னொரு வாதம் உண்டு. கேட்பதற்கு இனிமையானது, ஆகையால் அதிகம் பரவியிருக்கிறது. டெக்ஸாஸில் லெக்ஸிங்டன் என்னும் சிற்றூரில் ஸ்நோஸ் என்ற கடை 2003-இல் திறக்கப்பட்டது. 2008-இல் ‘டெக்ஸாஸ் மன்த்லி’ பத்திரிகை அதை மாகாணத்திலேயே முதன்மையானது என்று தேர்ந்தெடுத்தது. அங்கே நெருப்பின் முன் நிற்பவர் டூட்ஸி டொமானெட்ஸ் என்னும் மூதாட்டி, 1935-இல் பிறந்தவர், 1966 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறவர், வாரநாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்கு முந்திய இரவில் கடைக்கு வந்து கனலை மண்வெட்டியால் அள்ளிப் போட்டுச் சமைத்தவர். அவருக்கு நெருப்பு வசப்பட்டது எதனால்? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நெருப்பின் அருகில் நின்றதனால். வெல்டிங் கண்ணாடி அணிந்து எத்தனை மாதம் இரும்பைப் பற்றவைத்தாலும் விறகு எப்போது சுடர்விடும், எப்போது அடங்கும், மழைக்காற்றில் அது எப்படி மாறும் என்பது தெரியவராது. அது விறகை எரித்தே தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தப் படிப்புக்கு நல்ல அடுப்பு ஒன்றுதான் வேண்டும். கெட்ட அடுப்பில் படித்தவர் அடுப்பின் கோணல்களைப் படிக்கிறாரே தவிர நெருப்பைப் படிப்பதில்லை.

இதுவரை சொன்னது இறைச்சி கெடுவதைப் பற்றியது. மனிதர் கெடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை இலேசாக எழுத எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கைவினைஞர்கள் பெரிதும் விரும்பி வாங்குவது பழைய புரொபேன் தொட்டி. 500 காலன் தொட்டி வெறுமையாகவே 400 கிலோவுக்கு மேல் கனக்கும், நல்ல எஃகு, மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் காலித் தொட்டி என்று விற்கப்படுவதெல்லாம் காலி அல்ல. புரொபேன் காற்றைவிடக் கனமான வாயு. வால்வைத் திறந்துவைத்தாலும் அடியில் தங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் முதல் 9.5 சதவீதம் வரை அது கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும்; தொட்டியை வெட்டுவதோ பொறியைக் கொண்டே செய்யும் வேலை. தெரிந்தவர்கள் தொட்டியைப் பலமுறை கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, வாயுவுக்கு இடமே இல்லாதபடி செய்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார்கள். நண்பர் வெட்டினார், ஒன்றும் ஆகவில்லை என்பது ஆதாரம் ஆகாது. ஆனவர்கள் வந்து சொல்லும் நிலையில் இருப்பதில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைத் தெரியாமல் பற்றவைத்தவர்கள் அந்த வெண்புகையைச் சுவாசித்து, சில மணி நேரம் கழித்து நடுக்கமும் ஜுரமுமாகப் படுப்பதை வெல்டர்கள் எல்லாரும் அறிவார்கள்.

அடுப்பை டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்னாலிருக்கும் கொக்கியின்மேல் விழும்படி அச்சின் இடத்தை நிர்ணயிக்க வேண்டும். நெருப்பறை என்னும் பாரம் பின்கோடியில் தொங்க, அச்சைக் கண்ணளவில் நடுவே வைத்துவிட்டால், நெடுஞ்சாலையின் வேகத்தில் வண்டி பாம்பைப்போல் நெளியத் தொடங்கும். பின்னால் வருகிற குடும்பத்துக்கு அது வீட்டிலே செய்ததா, பட்டறையில் செய்ததா என்று தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்துவது அந்தப் பேச்சில் அடங்கியிருக்கும் அலட்சியம். வெறும் இரும்புதானே, வெறும் பற்றவைப்புதானே, இதற்கா இவ்வளவு என்ற சொல்லை நம் ஊரிலும் கொல்லுப் பட்டறை வாசலில் கேட்டிருக்கிறோம். நாற்காலிக்குச் சாய்வு பார்த்துச் செய்த தச்சரிடமும் மர விலையை மட்டும் சொல்லிப் பேரம் பேசியிருக்கிறோம். டாக்டரிடம் மருந்தின் விலையை மட்டும் கொடுப்பேன் என்று எவரும் சொல்வதில்லை. வக்கீலிடம் காகிதத்தின் விலையைக் கணக்குப் பார்ப்பதில்லை. கையால் செய்கிறவரிடம் மாத்திரம் பொருளின் விலைக்கு மேல் கேட்பது கொள்ளை என்று நினைக்கிறோம். கண்ணால் பார்த்தால் புரிகிற வேலை எல்லாம் எளிய வேலை என்ற பிரமையே இதற்குக் காரணம். புகையடுப்புச் செய்கிறவர் தம்மிடம் வந்தவருக்கு எத்தனை பேருக்குச் சமைக்கும் வழக்கம், எந்த விறகை எரிக்கப் போகிறார், அடுப்பை எந்தத் திசைக் காற்றில் வைக்கப் போகிறார் என்று விசாரித்து, மத்திய டெக்ஸாஸின் போஸ்ட் ஓக் விறகுக்கு ஒருவிதமாகவும், நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய இனமான, உக்கிரமாக எரியும் மெஸ்கீட் விறகுக்கு ஒருவிதமாகவும் யோசனை சொல்லுகிறார். கொடுப்பதற்கு முன் தாமே நெருப்பு மூட்டி, இழுப்பைப் பார்த்து, கதவிடுக்கில் புகை கசிகிறதா என்று தடவிப் பார்க்கிறார். அவர் கேட்கும் தொகையில் இரும்பின் விலை ஒரு பகுதி. மற்றது இந்த விசாரணைக்கும் யோசனைக்கும் பரீட்சைக்கும் உரியது. இதை ஆடம்பரம் என்பவர், ஆடம்பரம் என்ற சொல்லை எங்கே உபயோகிக்க வேண்டும் என்று தெரியாதவர்.

செய்து கொடுக்கப் பல மாதம் ஆகிறதே என்றும் முறையிடுகிறார்கள். ஆகத்தான் செய்யும், ஒரு பட்டறையில் நாலு கைகள்தாம் இருக்கின்றன. அந்த மாதங்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு டிரம்மைத் துளைத்தோ பத்துப் பதினைந்து கற்களை அடுக்கியோ விறகு எரிக்கப் பழகிக்கொள்ளலாம். பன்றித் தோள் இறைச்சி விலை மலிவு, சமைப்பவரின் சிறு பிழைகளையும் பொறுத்துக்கொள்ளும், ஆரம்பத்தில் பழக அதுவே நல்லது. பட்டறைக்குப் போகிறவர் பெயின்டின் பளபளப்பைப் பார்க்காமல், நெருப்பறையின் தகடு கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, புகைபோக்கி சட்டத்தின் மட்டத்தை ஒட்டிப் பொருந்தியிருக்கிறதா, கதவு தன் பாரத்திலேயே இடைவெளியின்றி மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு வாங்கிப்போன ஒருவருடைய வீட்டில் அது எரிவதையும் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். திருப்தி ஏற்பட்டால் விலையைக் குறைக்கச் சொல்லாமல், அவர் கேட்ட முன்பணத்தைக் கொடுத்து, அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.